மாட்டுக்கறிக் குழம்புக்குக் கருவாடு எதற்கு?

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே, "டவர் இல்லப்பா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். டவர் நன்றாகவே இருந்தது. நம் வீட்டுக்கு எதிர் மனையில்தான் அந்தக் கம்பமே நிற்கிறது. மயிலாடுதுறையில் வேறு யாருக்கு இல்லாவிட்டாலும் எனக்கு டவர் இருக்கும். முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டு முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசிய கண்டக்டருக்கு, பெற்ற மகன் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீ கேட்ட மசாலாப் பொடியோடு சேர்த்து இதையும் பார்சலில் வைத்து அனுப்புகிறேன். பொடி டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

நீ என்ன கேட்டாய் என்பதை நான் மறக்கவில்லை. "அப்பா, நீங்க ஞாயித்துக்கிழமை வைப்பீங்களே மாட்டுக்கறிக் குழம்பு, கம்மி செலவுல நெறைய பேருக்கு வர்ற மாதிரி, அத எங்களுக்குச் சொல்லுங்க. சாமானெல்லாம் நானே சொல்றேன், விட்டுப் போனத மட்டும் சொல்லுங்க" என்றாய். பிறகு பாடம் ஒப்பிப்பது போல வரிசையாகச் சொன்னாய். கறி, மொச்சை, வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, மிளகாய், மல்லி, சோம்பு, மிளகு. கடைசியில், "அப்புறம் பொரிக்கிறதுக்கு வாளைக் கருவாடு நாலு துண்டு. சரியாப்பா?" என்றாய். எல்லாவற்றையும் போலவே அதையும் ஒரு சாமானாகச் சொன்னாய். உடனே நித்யா போனை வாங்கி, "மாமா, நெட்ல பாத்தேன், அமெரிக்காவுல பீஃப் சில்லின்னு பீன்ஸ் போட்டு இதையேதான் பண்றாங்க. எல்லாம் புரியுது. ஆனா மாட்டுக்கறிக் குழம்புக்குக் கருவாடு எதுக்கு மாமா? கேட்டா, அது இல்லாம எங்க வீட்டுல வைக்கவே மாட்டாங்கங்கறாரு உங்க புள்ள" என்று சிரித்தாள். அந்த இடத்தில்தான் எனக்கு டவர் போனது.

அதோடு இன்னொரு செய்தியும் சொன்னாய். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நித்யாவின் அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு, உங்கள் புது வீட்டுக்கு முதல் தடவையாக வருகிறார்கள், நீங்களும் வாருங்கள், எல்லோருக்கும் இந்தக் குழம்புதான் என்றாய். தம்பி, உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உங்கள் நிச்சயதார்த்தத்தன்று பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சம்பந்தி என் பக்கம் சாய்ந்து, "தப்பா நெனைக்காதீங்க, உங்க வீட்டுல மாட்டுக்கறியெல்லாம் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "சேச்சே, அந்தப் பழக்கமெல்லாம் நம்ம வீட்டுல கெடையாதுங்க. ஆடு, கோழி, மீனு, அவ்வளவுதான்" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். இப்போது நீ அவர் முன்னால் சட்டியை வைத்து, "எங்கப்பா வைக்கற குழம்பு" என்று பரிமாறப் போகிறாய். பொய் சொன்னவன் அடுத்த இலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வயிற்று வலி என்று சொல்லி வராமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். இரண்டு நாள் அந்த வயிற்று வலியைத் தயார் செய்துகொண்டுகூட இருந்தேன். உன் அம்மாதான் பிடித்துவிட்டாள்.

அவள் இப்போதும் பக்கத்தில்தான் முறத்தில் மொச்சை பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் ஒவ்வொரு வரி எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்கிறாள். "கருவாட்டப் பொரிச்சுக் குடுத்தது நானு. எழுதறதுன்னா நான் பயந்ததையும் சேத்து எழுதுங்க, நீங்க மட்டும் நல்லவரு மாதிரி மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடாதீங்க" என்கிறாள். சரி, முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கறி வேகிற நேரத்தில் மற்றதைச் சொல்லலாம்.

கடைக்குப் போனால் தொடைக்கறி கேட்காதே. பார்க்க அழகாக இருக்கும், விலையும் கூட, வெந்தால் சக்கை. கழுத்துக்கறியும் நெஞ்செலும்பும் கலந்து கேள். அதில்தான் ருசி, அதுதான் மலிவு. கூடவே கையளவு கொழுப்பு தனியாக வாங்கிக்கொள். ஒரு கிலோ கறிக்கு அரைக் கிலோ காய்ந்த மொச்சை, முதல் நாளே ஊறப் போட்டுவிட வேண்டும். கறியைக் கழுவி, மஞ்சள், உப்பு, இடித்த இஞ்சி பூண்டு பிசறி குக்கரில் ஏழு விசில். கிழட்டு மாடாக இருந்தால் பத்துக்கு மேலும் போகும், கண்டக்டர் விசில் மாதிரி எண்ணிக்கொண்டிருக்காதே, திறந்து விரலால் நசுக்கிப் பார். அது வேகும்போது இரும்புச் சட்டியில் அந்தக் கொழுப்பைப் போட்டு உருக்கு. எண்ணெய் வேண்டியதில்லை, அந்த நெய்யே போதும். அதிலேயே சோம்பு பொரியவிட்டு வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கு. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். வெங்காயம் சிவக்காமல் தக்காளியைப் போட்டால் குழம்பு புளித்துக் கிடக்கும். பிறகு பொடி, பிறகு வெந்த கறி, அது வெந்த தண்ணீரோடு, பிறகு தனியாக வேகவைத்த மொச்சை. மொச்சையில் ஒரு கரண்டியை எடுத்து மசித்துப் போட்டால் குழம்பு தானாகக் கெட்டியாகும், தேங்காய்ச் செலவு இல்லை. கடைசியில் மிளகு தட்டிப் போட்டு, அடுப்பைக் குறைத்து மூடிவிடு. "மிளகாய கம்மியா போடச் சொல்லுங்க, நித்யாவுக்கு வயிறு ஆகாது" என்கிறாள் உன் அம்மா. ஆறு பேர் சாப்பிடலாம். மீந்தால் மறுநாள் காலையில் பழைய சோற்றுக்கு அதைவிட வேறு வேண்டாம்.

மொச்சை எப்படி அந்தக் குழம்புக்குள் வந்தது என்பதை நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். கறுப்பு சிவப்புக் கொடி ஆட்சிக்கு வந்த புதிது. டவுனில் மைக் கட்டி படி அரிசியைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் ஊரில் சண்டை அரைப்படி நெல்லுக்கு. அறுப்புக் கூலியில் அரைப்படி கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று சிவப்புக் கொடிச் சங்கம் கேட்டது. வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்துக்கொள்கிறேன் என்றார் மிராசுதார். எங்கள் தெருவில் ஒருவரும் வயலில் இறங்கவில்லை. சில பேரைப் பிடித்துக் கொண்டுபோய் ஜெயிலில் வைத்தார்கள். கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, எங்கள் வீடுகளில் உலை வைக்க ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் தெருவே சேர்ந்து ஏர் இழுக்க முடியாத ஒரு கிழட்டு மாட்டை வாங்கி அடித்தார்கள். கறியைக் கூறு போடுவதற்கு ஒரு முறை உண்டு. வாழை இலையில் சமமாகக் கூறு கூறாக வைத்துவிட்டு, ஒருவர் கறிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் பார்க்காமலே ஒரு பெயர் சொல்வார். எலும்பு வந்தது, கொழுப்பு வந்தது என்று யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு ஜெயிலில் இருந்தவர்களின் வீட்டுப் பெயர்களை முதலில் சொல்லி முடித்தார்கள்.

பாதிக் கூறு போய்க்கொண்டிருக்கும்போது மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளில் வந்து நின்றார். யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் முதலில் வழிக்கு வருவார்கள் என்று பார்க்க வந்தவர். "பட்டினி கெடக்குறானுங்கன்னு பாத்தா, இங்க விருந்துல்ல நடக்குது" என்றார். கூறைத் தொட்டுக்கொண்டிருந்தது என் அப்பா. அவர் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டவில்லை, தோளிலேயே கிடக்கவிட்டு, "வாங்க, உங்களுக்கும் ஒரு கூறு இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார். தெருவே சிரித்துவிட்டது. காரியக்காரர் காறித் துப்பிவிட்டு சைக்கிளைத் திருப்பினார். மறுநாள் காலையில் போலீஸ் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது. பன்னிரண்டு நாள் கழித்துக் கால் வீங்கி வந்தார். அவர் இல்லாத அந்த நாட்களில்தான் என் அம்மா எங்கள் கூறை உப்புக்கண்டம் போட்டு வைத்துக்கொண்டு, கூரை மேல் படர்ந்து காய்ந்திருந்த மொச்சையை உதிர்த்து, கைப்பிடிக் கறிக்கு நான்கு கைப்பிடி மொச்சையாகப் போட்டு எங்கள் நாலு பேருக்கும் ஊற்றினார். மொச்சை அப்படித்தான் வந்தது. அரைப்படி நெல்லும் வந்தது. சில வருஷம் கழித்து, உச்சவரம்புக்கு மேல் எடுத்த நிலத்தில் மூன்று மா என் அப்பா பெயருக்குப் பட்டாவாகவும் வந்தது. அந்த மூன்று மா நெல்லைத் தின்றுதான் நான் பத்தாவது படித்தேன், கண்டக்டர் ஆனேன், நீயும் வளர்ந்தாய்.

இவ்வளவு தைரியமான ஆளுக்குப் பிறந்த நான் என்ன செய்தேன் என்று இனிமேல்தான் சொல்லப் போகிறேன். உன்னை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று மாயவரத்தில் வீடு தேடினோம். உனக்கு அப்போது நாலு வயது. ஏழெட்டு வீட்டில், "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டு, நான் சொன்னதும், இப்போதுதான் ஆள் வந்துவிட்டது என்றார்கள். ஒன்பதாவது வீட்டில் நான் தெருப் பெயரை மாற்றிச் சொன்னேன். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் நல்ல மாதிரிதான். வாடகையில் கறாராக இல்லை. சாவியைக் கையில் கொடுக்கும்போது அந்த அம்மா, "கறி மீனு எல்லாம் ஆக்கிக்கலாம். நாங்களும் சாப்புடறவங்கதான். அது மட்டும் கூடாது, என்ன?" என்றார். அது எது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் தலையை ஆட்டிய வேகத்தில் உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

விட்டுவிட்டிருக்கலாம். விட முடியவில்லை. ஆட்டுக்கறி வாங்கும் நிலையில் நாம் இல்லை, வளர்கிற பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாளாவது எலும்புச் சாறு போக வேண்டாமா? அதோடு, எனக்கு அது பிடிக்கும், உன் அம்மாவுக்கும் பிடிக்கும், உனக்கோ உயிர். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பாய் கடையில் வாங்கி, என் மூன்றடுக்குத் தூக்கின் அடித்தட்டில் கறி, நடுத்தட்டில் இலை, மேல்தட்டில் தயிர்சாதம் என்று வைத்துக்கொண்டு டியூட்டியிலிருந்து வருகிறவன் போல வருவேன். பாய் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. தூக்கை வாங்கி, கடைப்பலகைக்குக் கீழே வைத்து, யாரும் பார்க்காமல் நிரப்பிக் கொடுப்பார். "புள்ளைக்கு நெஞ்செலும்பு ரெண்டு வச்சிருக்கேன் கண்டக்டரே" என்று மட்டும் சொல்வார். அதற்கு எடை போட்டதே இல்லை. நீ உயரமாக வளர்ந்ததில் அந்த மனிதருக்கும் பங்கு இருக்கிறது. அவருக்கு நான் ஒருநாளும் வாய் திறந்து நன்றி சொன்னதில்லை.

கொண்டுவந்து சேர்த்துவிடலாம், வேகவைத்தால் வாசனை வருமே. அப்போதுதான் உன் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு பக்கம் குக்கர் ஏறியதும் இன்னொரு பக்கம் வாளைக் கருவாட்டைப் பொரிக்கத் தொடங்கிவிடுவாள். ஜன்னலைச் சாத்திவிட்டு அல்ல, வாசல் பக்க ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டு. கருவாட்டு வாசனை தெருமுனை வரைக்கும் போகும். அதற்கு முன்னால் வேறு எந்த வாசனை நிற்கும்? வீட்டுக்காரர்களும் கருவாடு சாப்பிடுகிறவர்கள், ஒன்றும் சொல்ல முடியாது. கண்டக்டர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கருவாடு என்று தெருவுக்கே பழகிப் போனது. தம்பி, நித்யா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கருவாடு குழம்புக்காக அல்ல. பக்கத்து வீட்டு மூக்குக்காக.

இன்னொன்று இருக்கிறது. அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இத்தனை வருஷம் பயந்தேன். நீ இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளை, அடி பம்பில் கை கழுவிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கார அம்மா குடத்தோடு வந்தவர் விளையாட்டாக, "என்னடா, தெருவையே தூக்குது? இன்னைக்கும் கருவாட்டுக் கொழம்பா?" என்று கேட்டார். நீ எவ்வளவு பெருமையாகச் சொன்னாய் தெரியுமா! "இல்ல அத்தை, மாட்டுக்கறி! மொச்ச போட்டது! எங்கப்பாதான் வச்சாரு!" நான் கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்றிருந்தேன். இரண்டே எட்டில் வந்து உன் கன்னத்தில் அறைந்தேன். "பொய் சொல்லுவியா? பொய் சொல்லுவியாடா? ஆட்டுக்கறின்னு சொல்லு!" என்று கத்தினேன். நீ அழவில்லை. எது பொய் என்று தெரியாமல் என் முகத்தையே பார்த்தாய். பிறகு மெதுவாக, "ஆட்டுக்கறி" என்றாய். அந்த அம்மா, "சின்னப் புள்ள, தெரியாம ஒளறிருக்கும், அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. சோறு போட்டு உட்கார்ந்தோம். உன் கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது. நீ பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே, தட்டை என் பக்கம் நகர்த்தி, "அப்பா, இன்னும் ரெண்டு துண்டு ஆட்டுக்கறி வைங்க" என்றாய். நான் வைத்தேன். உன் அம்மா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். அன்றிலிருந்து வளர்ந்து வேலைக்குப் போகும் வரைக்கும் நீ அதை ஆட்டுக்கறி என்றுதான் சொன்னாய். பள்ளிக்கூடத்தில், கடையில், உறவினர் வீட்டில், எல்லா இடத்திலும். அந்த வீட்டில் இன்னும் ஆறு வருஷம் இருந்தோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என் அப்பா மிராசுதாரின் ஆளிடமே ஒரு கூறு எடுத்துக்கொள் என்று சொன்னவர். அவர் மகன், சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன், ஒரு வாடகை வீட்டுக்காக உண்மையைச் சொன்ன பிள்ளையைப் பொய்யன் ஆக்கினேன். வீடு போயிருந்தால் உன் பள்ளிக்கூடமும் போயிருக்கும் என்று உன் அம்மா இப்போதும் எனக்காகப் பேசுகிறாள். இருக்கலாம். அறைந்த கை என்னுடையதுதானே.

பிறகு கடன் வாங்கி இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தோம். சொந்த வீடு, சொந்த அடுப்பு, கேட்பாரில்லை. அப்போதும் ஞாயிற்றுக்கிழமை தூக்கில்தான் கறி வந்தது, குக்கர் ஏறியதும் கருவாடு பொரிந்தது. நாங்கள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது. நீ அதைப் பார்த்து வளர்ந்தாய், சமையல் குறிப்பு என்று எடுத்துக்கொண்டாய். நீ போனில் அந்தச் சாமான் வரிசையைச் சொன்னபோது எனக்கு உறைத்தது அதுதான். என் பயத்தை நான் உனக்குக் குழம்பில் போட்டுப் பழக்கியிருக்கிறேன். அது உனக்கு ருசியாகவும் இருந்திருக்கிறது.

நேற்று புதன்கிழமை. தூக்கை எடுக்காமல் வெறுங்கையோடு பாய் கடைக்குப் போனேன். இப்போது வியாபாரத்தை அவர் மகன்தான் பார்க்கிறான், பாய் சும்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "என்ன கண்டக்டரே, தூக்கு எங்க?" என்றார். "பையிலயே குடுங்க பாய்" என்றேன். மகன் வெள்ளைப் பையில் போட்டதும் பாய், "வெளிய தெரியுதே" என்று தயங்கினார். "தெரியட்டும் பாய். இத்தன வருஷம் நெஞ்செலும்பு வச்சதுக்கு ரொம்ப நன்றிங்க" என்றேன். அவருக்குக் கொஞ்சம் காது மந்தம், நான் கணக்கு ஏதோ கேட்கிறேன் என்று நினைத்து மகனைப் பார்த்தார். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பையை ஆட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாகவே நடந்தேன். தெருமுனையில் குடியிருக்கும் ரிட்டயர்டு வாத்தியார், "என்ன சார், கறியா?" என்றார். பையைத் தூக்கிக் காட்டி, "மாட்டுக்கறிங்க" என்றேன். முப்பது வருஷமாக நான் பயந்த இடம் அதுதான். அவர், "கழுத்தா, தொடையா?" என்று கேட்டுவிட்டு, கழுத்து என்றதும் நல்லது என்று தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். எல்லோரும் அப்படி இல்லை. பூக்கடை அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார், தினமும் பேசுகிறவர். மனசு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீடு வந்து சேர்ந்தேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. கருவாடு பொரிக்காமல் குழம்பு வைத்தோம். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பாதியில் உன் அம்மா கையை நிறுத்தி, "ஏங்க, என்னமோ கொறையுதுங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறிவிட்டது. கடைசியில் அவளே எழுந்து போய் இரண்டு துண்டு வாளைக் கருவாட்டைப் பொரித்துக்கொண்டு வந்தாள். "இது தொட்டுக்கறதுக்கு" என்று சொல்லித்தான் தட்டில் வைத்தாள். ஆக, நித்யாவிடம் சொல். கருவாடு பிடித்திருந்தால் பொரிக்கலாம். கட்டாயம் இல்லை.

சாப்பிட்ட கையோடு சம்பந்திக்கு போன் போட்டேன். "நிச்சயத்தன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க, நான் பொய் சொல்லிட்டேங்க. நாங்க மாட்டுக்கறி சாப்புடறவங்கதான். எங்கப்பா காலத்துலேந்து. அடுத்த ஞாயித்துக்கெழம பசங்க அதத்தான் வைக்கப் போறாங்க" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே டவர் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு அவர், "நித்யா கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடுச்சுங்க. நீங்க இல்லேன்னதும், பொண்ணு பொய் சொல்லுதா, நீங்க பொய் சொல்றீங்களான்னு தெரியாம நான் அவளத் திட்டிட்டேன்" என்றார். என் பொய்க்கு இன்னொரு பிள்ளையும் வசவு வாங்கியிருக்கிறது. பிறகு அவரே, "நான் சாப்புடுவனான்னு இப்ப சொல்ல முடியாதுங்க. வந்து உக்காருவேன்" என்றார். அதோடு, "நீங்க எந்த வண்டி? நாங்க தஞ்சாவூர்லயே ஏறிடுவோம். ஒரே பெட்டியில போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். வயிற்று வலி குணமாகிவிட்டது.

தம்பி, இதையெல்லாம் எழுதும்போது எனக்கு வருத்தத்தைவிட நன்றிதான் அதிகமாக இருக்கிறது. ஜெயிலுக்குப் போய் அரைப்படி நெல் வாங்கிக் கொடுத்த என் அப்பாவுக்கு, கைப்பிடிக் கறியைத் தெரு முழுக்கச் சமமாகப் பிரித்தவர்களுக்கு, கண்ணில் புகை ஏறக் கருவாடு பொரித்த உன் அம்மாவுக்கு, நம்மை வளர்த்துவிட்ட அந்த மலிவான கறிக்கு. எல்லோரையும்விட நித்யாவுக்கு. முப்பது வருஷம் நாங்கள் கேட்டுக்கொள்ளாத கேள்வியை அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். நான் அவளிடம் நேரில் சொல்வேன், அவள் வாங்கிய வசவுக்கு மன்னிப்பும் கேட்பேன். உன்னிடம் கேட்க வேண்டியதை மட்டும் எழுத்தில் கேட்கிறேன், நேரில் என்றால் என் குரல் உடைந்துவிடும், அதைப் பார்த்து நீ, "விடுங்கப்பா" என்று சொல்லிவிடுவாய். விட வேண்டாம். படித்துவிட்டு இதைப் பத்திரமாக வைத்துக்கொள், உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது பம்படியில் நின்று சத்தமாக எதையாவது சொல்லும்போது எடுத்துப் பார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்துவிடு. மொச்சை நான் முதல் நாளே ஊறப் போட்டுக் கொண்டுவருகிறேன், நம் வயல் வரப்பில் போட்டது. கறி மட்டும் நீ வாங்கி வை. யாராவது இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால் பம்படியில் சொன்ன மாதிரியே சத்தமாகச் சொல். அன்றைக்கு நீ சொன்னது பொய் இல்லை தம்பி. அது மாட்டுக்கறிதான்.

உன் அப்பா